நம்ம ஊர்ல யாரு சாதிச்சா?

கேள்வி: தக்கலை பக்கம் மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிறேன். ஒவ்வொரு மார்ச் 8-க்கும் கோலப்போட்டியோடு முடித்துவிடுவோம். இந்த முறை சாதனைப் பெண்களின் படம் வைத்துப் பேச ஆசை. ஆனால் குழுவிலேயே, "நம்ம ஊர்ல யாரு பெருசா சாதிச்சா?" என்கிறார்கள். என் மாமியாரும் அதையே சொல்கிறார். யாரைப் பற்றிப் பேசலாம்?

பதில்: அன்புத் தங்கைக்கு, கோலப்போட்டியும் இருக்கட்டும். கேள்வி கேட்டவர்களிடம் கோபப்படாதீர்கள், அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதல் படம் லூர்தம்மாள் சைமன். 1956 நவம்பர் 1-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1957 தேர்தலில் குளச்சலில் ஜெயித்து காமராஜர் அமைச்சரவையில் உட்கார்ந்துவிட்டார் அவர். மீன்வளத் துறையும் அவர் கையில் இருந்தது. குளச்சல் உங்களுக்கு எவ்வளவு தூரம்!

அப்புறம், நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த தோள்சீலைப் போராட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1822-இல் கலகம் வெடித்தது உங்கள் கல்குளம், இரணியல் பக்கம்தான். குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களை மேல்சாதிக்காரர்கள் வழிமறித்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். மறுநாளும் சந்தைக்குப் போனால்தானே வீட்டில் அடுப்பு எரியும்? போனார்கள், போட்டுக்கொண்டே போனார்கள். 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மகாராஜா இறங்கிவந்து, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு முள் வைத்திருந்தார். 37 வருஷம்! இதில் மன்னர் பெயர் தெரிகிறது, திவான் பெயர் தெரிகிறது. அடி வாங்கிய பெண்களில் ஒருத்தியின் பெயராவது நம் வாயில் வருகிறதா? எனக்கு இது ஆறாத வருத்தம். கூட்டத்தில் இதை நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு பெயரில்லாத கூட்டமும் உண்டு. மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு ரேந்தை (லேஸ்) பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைவேலை கடல் கடந்து விலைபோனது. பின்னிய விரல்கள் யாருடையவை என்று யாரும் குறித்துவைத்ததாகத் தெரியவில்லை.

அதே தவறை நாமும் செய்ய வேண்டாம். மார்ச்சுக்கு முன் குழுவில் ஆளுக்கொரு வயதான பெண்ணிடம் போய் உட்காருங்கள். உங்கள் மாமியாரிடமிருந்தே தொடங்கலாம். மீன்கூடை சுமந்தவர், பேறுகாலம் பார்த்தவர், ரேந்தை பின்னியவர் என்று யாராக இருந்தாலும் சரி. செய்த வேலை, பிறந்த ஊர், வருஷம் எல்லாம் கேட்டு எழுதுங்கள். "இன்னாரின் மனைவி" என்று போடாமல் அவர் பெயரையே பெரிய எழுத்தில் போட்டு, லூர்தம்மாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். படம் கிடைக்காவிட்டால் அவர் பின்னிய ரேந்தைத் துண்டையே மாட்டலாம்.