தங்கக் கைக்கடிகாரம் முதலீடாகுமா?

கேள்வி: சூரிச்சில் வேலை செய்கிறேன். சேமிப்பு 30,000 பிராங்க் இருக்கிறது. 1940களில் வந்த, சுவிஸ் நிறுவனமான பட்டேக் பிலிப்பின் கலட்ராவா மாடல், 18 காரட் தங்கக் கைக்கடிகாரம் ஒன்றை 14,000 பிராங்குக்குத் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். முகப்பு புத்தம் புதிது மாதிரி இருக்கிறது. தங்கம் ஏறினால் இதுவும் ஏறும்தானே? வாங்கலாமா?

பதில்: தங்கத்துக்காக என்றால் வேண்டாம். 1932இல் வந்த முதல் கலட்ராவாவின் அகலமே ஏறத்தாழ 31 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்னத் தங்கக் கூட்டை உருக்கினால் கொஞ்சம் தங்கம் தேறும், அவ்வளவுதான். மீதிப் பணம் பெயருக்கும் கடிகாரத்தின் நிலைக்கும் போகிறது. 2016இல் ஜெனீவா ஏலத்தில் 1.1 கோடி பிராங்குக்கு விலைபோன பட்டேக் 1518 மாடல், தங்கமல்ல, எஃகுக் கடிகாரம்! எஃகில் நான்குதான் இருப்பதாகத் தெரிகிறது. தங்கத்தில் வந்தவை எத்தனையோ மடங்கு.

எனக்கு உறுத்துவது அந்தப் 'புத்தம் புதிய' முகப்புதான். எண்பது வயதுக் கடிகாரம் அப்படிப் பளபளத்தால், யாரோ பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். சேகரிப்பவர்கள் அதைக் கண்டதும் விலையை வெகுவாக இறக்கிவிடுவார்கள். லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து முகப்பிலுள்ள பெயரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பட்டேக் எழுத்துகளைச் செதுக்கி எனாமல் நிரப்பியது. பூசிய முகப்பில் எழுத்து மெலிந்திருக்கும், அல்லது அச்சடித்தது போலத் தட்டையாக இருக்கும். பட்டை மாட்டும் காதுகளின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கியிருந்தால் அதற்கும் விலை குறையும். கூட்டில் ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை முத்திரை, அதாவது 18 காரட் தங்கத்துக்கான சுவிஸ் அரசு முத்திரை, இருக்க வேண்டும்.

விற்கும்போதுதான் உண்மையான செலவு தெரியும். ஏலத்தில் வாங்குபவர் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் ஏறத்தாழ கால்வாசி கமிஷன் கட்டுகிறார். உங்கள் பங்கிலும் கழிவு உண்டு. இடையில் சர்வீஸ், காப்புறுதி வேறு. தனிநபர் ஒருவர் சொந்தப் பொருளை விற்ற லாபத்துக்கு இங்கே வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் சொத்து வரிக் கணக்கில் காட்ட வேண்டி வரலாம்.

சேமிப்பில் கிட்டத்தட்ட பாதியை ஒரே கடிகாரத்தில் போடுவது எனக்குச் சரியாகப்படவில்லை. மூன்றாம் தூண் 3அ கணக்கை, அதாவது வரிச் சலுகையுள்ள சுவிஸ் ஓய்வுகாலச் சேமிப்பை, இந்த வருடம் நிரப்பிவிட்டீர்களா? 2025இல், வேலையிட ஓய்வூதிய நிதியில் இருப்பவர்களுக்கு வரம்பு 7,258 பிராங்காக இருந்தது. அதை முதலில் முடியுங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், பின்மூடியைத் திறந்து இயந்திரத்திலும் கூட்டிலும் பொறித்த எண்களைக் காட்டச் சொல்லுங்கள். அவற்றைக் கொடுத்து பட்டேக்கின் ஆவணக் காப்பகத்திலிருந்து சான்று எடுக்கலாம். அது எப்போது, எந்த உலோகத்தில் செய்தது என்று சொல்லும். முகப்பு அசலா என்பதற்கு உத்தரவாதம் தராது. அதற்கு விற்பவரைச் சாராத கடிகாரக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். விற்பவர் திறந்து காட்டத் தயங்குகிறாரா, வாங்காதீர்கள்.