குசினியில் வீணாகும் உணவு: ஆறு கேள்விகளும் பதில்களும்

வன்னிப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். சமைத்த உணவும் வாங்கிய மரக்கறியும் வீணாவதைக் குறைப்பது பற்றிப் பல ஊர்களிலிருந்தும் கேட்கப்பட்ட கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ரீச்சர், நாங்கள் ஐந்து பேர். பகலுக்கு நான்கு சுண்டு அரிசி போடுகிறேன். நாள் தவறாமல் சோறு மிஞ்சி நாய்க்குத்தான் போகிறது. மிஞ்சிய சோற்றில் என்ன செய்யலாம்?

பதில்: மிஞ்சிய சோற்றை என்ன செய்வது என்பதைவிட அது ஏன் மிஞ்சுகிறது என்பதை முதலில் பார்ப்போம் தங்கைச்சி. ஒரு கிழமைக்கு, கொட்டப்படும் ஒவ்வொன்றையும் அதற்கான காரணத்தையும் நாட்காட்டியில் அந்தந்தத் திகதிக்கு நேரே எழுதி வாருங்கள். கணவர் வயலிலேயே சாப்பிட்டு வந்த நாள், பிள்ளை ரியூசன் முடிந்து வரும் வழியில் பணிஸ் தின்ற நாள், முதல் நாள் கறி இருக்கும்போதே புதிதாக இன்னொரு கறி வைத்த நாள் என்று மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். வீட்டில் இத்தனை பேர் என்று கணக்கிட்டு உலை வைக்கிறோமே தவிர, இன்று சாப்பிட இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்பதில்லை. என் சுண்டின் உட்புறத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். மகன் இரவுக்கு வீட்டில் சாப்பிடாத நாட்களில் கடைசிச் சுண்டை அந்தக் கோடு வரைக்குமே நிரப்புவேன்.

இதைச் சின்ன விடயம் என்று எண்ண வேண்டாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகிய மூன்றிலும் வீணான 105 கோடி தொன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானதாகும்.

கேள்வி (கனகராயன்குளம்): இரவுச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழஞ்சோறாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அது நஞ்சாகும் என்று மகள் சொல்கிறாள். உண்மையா?

பதில்: மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது; அதற்காக நீங்கள் பழஞ்சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சோறு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நாங்கள் செய்யும் பெரிய தவறு, மிஞ்சிய சோற்றைப் பானையோடு மூடி அடுப்படியிலேயே விட்டுவிட்டு, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவதுதான். மூடிய பானையின் நடுச்சோறு அதுவரை இளஞ்சூடாகவே இருக்கும். சாப்பிட்டு முடிந்த கையோடு சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் கொதித்தாறிய நீரை ஊற்றி, கழுவிய மண்சட்டியில் மூடி வையுங்கள். தண்ணீரில் கிடக்கும் சோறு இலேசாகப் புளிப்பதற்கு இலக்ரிக் அமில பற்றீரியாக்களே காரணம். அந்தப் புளிப்பு பாதுகாப்புக்கு ஓரளவு உதவும் என்றாலும் முழுக் காவலன்று. காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மதியம் வரை வைத்திருக்க வேண்டாம். தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். சிறு குழந்தைக்கும் நோயாளிக்கும் புதுச்சோறே கொடுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மின்சாரம் நின்றால் ஐஸ் பெட்டியில் உள்ள மீனை எறிய வேண்டுமா?

பதில்: கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுகள் ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிரைக் காக்கும். தனியான உறைபெட்டி நிறைந்திருந்தால் ஏறத்தாழ 48 மணித்தியாலமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணித்தியாலமும் தாங்கும். திறக்கும்போது மீனில் இன்னும் ஐஸ் படிகங்கள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். சூரை மீனில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெக்கையில் கிடந்த சூரையில் உண்டாகும் இசுத்தமின் பொரித்தாலும் போகாது. அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பு கடிக்கும்.

கேள்வி (துணுக்காய்): எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. சந்தையில் வாங்கும் தக்காளியும் கீரையும் இரண்டாம் நாளே வாடிவிடுகின்றன. தோட்டத்து மரவள்ளியும் கறுத்துப்போகிறது.

பதில்: பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை இறக்கி, இடைவெளியை மணலால் நிரப்பி, காலையும் மாலையும் அந்த மணலில் தண்ணீர் ஊற்றி, வாயை ஈரச் சாக்கால் மூடி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உட்பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை, காற்று வரண்டிருக்கும் காலத்தில், இது நன்றாக வேலை செய்யும். மார்கழி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் பயன் மிகக் குறைவு. அந்த நாட்களில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே நல்லது. பழுக்கும் வாழைக்குலையைக் கீரைக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டாம். அதிலிருந்து வெளியாகும் எதிலீன் வாயு கீரையை விரைவாக மஞ்சளாக்கிவிடும்.

மரவள்ளிக்கு மண்ணே பெட்டகம். கிண்டி எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கறுக்கும். ஆகவே சமையலுக்கு வேண்டிய அளவு மட்டும் கிண்டுங்கள். கூடுதலாக வந்துவிட்டால் ஈரமணலில் புதைத்து வையுங்கள்.

கேள்வி (மாங்குளம்): சாக்கில் கிடந்த கச்சானில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெயிலில் காயவைத்து வறுத்தால் வீணாகாமல் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அத்தகைய பூஞ்சணம் உண்டாக்கும் அஃபுளாடொக்சின் வறுத்தாலும் முற்றாக அழியாது. ஈரலைப் பாதித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை, கோதைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தமிடும் வரை காயவிட்டு, சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

கேள்வி (விசுவமடு): எங்கள் அம்மம்மா எதையும் கொட்ட விடமாட்டார். புளித்த கறியைக்கூடத் தானே சாப்பிட்டு வயிற்றோட்டத்தில் விழுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, 2009 இல் தேங்காய்ப்பால் இல்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை, அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டுமாக, நாங்கள் காய்ச்சுவது அந்த நாட்களை நினைத்துத்தான். அதைக் கடந்து வந்தவரிடம் "எறியுங்கள் அம்மம்மா" என்று சொன்னால் அது அவர் காதில் விழாது. கறி பழுதாக முன்னரே, சமைத்த உடனே, அவருக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். மிச்சத்தை மாலைக்குள் கொதிக்கவைத்து எல்லோருமாக முடித்துவிடுங்கள். மரக்கறித் தோலும் தேங்காய்ப்பூச் சக்கையும் கோழிக்கும் கூட்டெருக் குழிக்கும் போவதை அவர் கையாலேயே செய்யவிடுங்கள், அப்போது ஒன்றும் வீணாகவில்லை என்று அவர் மனம் ஆறும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் அரிசி அளக்கும் சுண்டை அவரிடமே கொடுங்கள். என் தாயாரிடம் நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். "இண்டைக்கு ஆரார் சாப்பிடுறியள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு அவர் அளந்தார், இரண்டாம் கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் பழஞ்சோற்றுக்குக்கூடச் சோறு மிஞ்சவில்லை.