குளச்சலில் இருந்து கப்பலுக்குப் போன பூட்டனைத் தேடுவது எப்படி?

1915 வாக்கில் குளச்சலில் இருந்து வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போன பூட்டனை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் லண்டன் கப்பல் ஆவணங்கள் வேண்டாம், ஊர்க் கோயிலுக்குப் போங்கள். பங்குச்சாமியிடம் கேட்டு ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாருங்கள், எழுத்து லத்தீனாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குத் துணை நிற்பவர்கள்) பெயர் எல்லாம் அதில் வரும். ஒரே ஊரில் பத்து அந்தோணி இருக்கும்போது ஞானப்பெற்றோர் பெயர்தான் கைகொடுக்கும்.

அப்புறம் நிலப் பத்திரம். 1949 வரை நம்ம ஊர் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அதனால் பழைய பத்திரங்கள் பலவும் மலையாளத்திலும், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கிலும் இருக்கும். 1090 என்று கண்டால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்டுங்கள், 1914-15 வரும். இதைத் தெரியாமல் என் சித்தப்பா இரண்டு வருடம் வீணாக அலைந்தார், பாவம்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு கப்பல் பக்கம் போகலாம். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் 1915 ஆள் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பெயர், வயது, பிறந்த இடம், முந்தைய கப்பல் எல்லாம் உண்டு. ஆனால் எழுதியவன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், ஆகவே குளச்சலை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், பெயரை விட ஊரை வைத்துத் தேடுவதே நல்லது. வீட்டுப் பெட்டியில் பழைய சிடிசி புத்தகம் (கப்பல்காரரின் பணிப் பதிவுப் புத்தகம்) ஏதாவது கிடக்கிறதா என்று பாட்டியிடம் இன்றைக்கே கேளுங்கள்.