பணம் போனது, ஆர்டர் பதிவாகவில்லை

நண்பரே, பீட்சா ஆப்பில் யுபிஐ வழியாக 640 ரூபாய் கட்டியும் ஆர்டர் பதிவாகவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து மறுபடி கட்டாதீர்கள். நான் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆப்பில் இரண்டு முறை கட்டிவிட்டுத் தவித்தேன். யுபிஐ ஆப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் சில போன்கள் உணவு ஆப்பை மூடிவிடும். மீண்டும் திறந்ததும் பணம் வந்ததா என்று உணவு ஆப் தன் நிறுவனத்தின் சர்வர் கணினியிடம் கேட்க வேண்டும். இதைக்கூடச் சரிபார்க்காமல் ஆப்பை வெளியிடுவது அநியாயம்.

சரி, யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கேயே புகார் கொடுங்கள். கடைக்கு உறுதித் தகவல் போகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளில் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்கே பணம் சேர்ந்திருந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.