உங்கள் மச்சான் எங்கே?

கேள்வி: கல்லூரியில் 2ஆம் ஆண்டு படிக்கும் என் மகள், கூடப் படிக்கும் பையன்களை ‘மச்சி’, ‘மச்சான்’ என்று கூப்பிடுகிறாள். தோழிகளையும் அப்படித்தான். கேட்டால், “சும்மா ஒரு வார்த்தைப்பா” என்கிறாள். இத்தனைக்கும் முறைப்படி மச்சானாகிற என் மனைவியின் அண்ணன் மகனை அவள் பார்த்தே 8 வருடம் ஆகிறது. அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. இந்தக் கெட்ட பேச்சை எப்படி நிறுத்துவது?
- ஒரு தந்தை, திருச்சி

பதில்: கெட்ட பேச்சா? ‘மைத்துனன் நம்பி’ என்று ஆண்டாள் பாடிய சொல்லின் வழிவந்தது ஐயா அது. ‘வைத்தான்’ நம் வாயில் ‘வச்சான்’ ஆனதுபோல, மைத்துனன் மச்சினன் ஆனான். மச்சான் அவனுக்கு உடன்பிறப்பு.

அண்ணன் தம்பியிடம் செய்ய முடியாத கேலியை மச்சானிடம் செய்யலாம். அந்த உரிமையைத்தான் பையன்கள் நட்புக்குள் எடுத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் அறிமுகமில்லாதவனை மச்சான் என்றால் அடி விழும். ‘உன் அக்கா தங்கை எனக்கு முறை’ என்ற அர்த்தம் அதில் ஒளிந்திருந்தது. இன்று அது தேய்ந்துவிட்டது. ‘மச்சி’ என்று குறுகியபோது ஆண்பால் விகுதியும் உதிர்ந்தது; அதனால்தான் பெண்ணும் பெண்ணும் சொல்லிக்கொள்ள முடிகிறது. மலையாளிகளின் ‘அளியா’வும் இதே உறவு, இதே பாதை. சிங்கள இளைஞர்களின் ‘மச்சாங்’ நம்மிடமிருந்து போனதுதான். இந்தியில் மட்டும் மனைவியின் சகோதரனைக் குறிக்கும் ‘சாலா’ வசவாகிவிட்டது. நம் ‘மாமா’வுக்குப் பின்னால் ‘வேலை’ ஒட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக மாமாவை மாமா என்று கூப்பிடாமல் விட்டோமா?

உங்கள் மகள் எந்தப் பொருளில் சொல்கிறாள் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. “டேய் மச்சான்” என்று விளித்தால் நண்பன். “அவர் எனக்கு மச்சான்” என்று சுட்டினால் பெரும்பாலும் உறவு. அவள் விளிப்பதோடு நிற்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 8 வருடத்துக்கு வருகிறேன். அப்போது உங்கள் மகளுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்குமா? அப்படியானால் அவள் பெரியவளானபோது குச்சு கட்ட யார் வந்தது? தாய்மாமன் இடத்தில் யாரை நிறுத்தினீர்கள்? உங்கள் மனைவி அன்றைக்கு வாசலைப் பார்த்தபடி இருந்திருப்பாரே, அதைக் கவனித்தீர்களா? உறவுக்காரனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உறவுச் சொல்லை மட்டும் மகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம்! யார்மேல் தப்பு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. பெண் கொடுத்த வீட்டோடு பேச்சை முறிப்பதற்குப் போதுமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது மிகக் குறைவு. பணத்தகராறும் சீர்த்தகராறும் அதில் சேராது.

மகளிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு, பூ பழத்தோடு அவர் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். முதல் தடவை மகள் வேண்டாம். பெரியவர்கள் முகம் கோணினால் அதை அவள் பார்க்கக் கூடாது. பழைய கணக்கை அன்றைக்குத் திறக்காதீர்கள். சாப்பிடச் சொன்னால் மறுக்காமல் உட்காருங்கள். கதவைத் தட்டிவிட்டு, பெயர் சொல்லாமல், “மச்சான்” என்று கூப்பிடுங்கள்.