அம்மாவின் கையைச் சுவரில் மாட்டலாமா?

வணக்கம் மேடம்,

எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வெளியூரில் தங்கி பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்) கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் இறுதிக் கண்காட்சி. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று படைப்புகளை விளக்க வேண்டும்.

அம்மா பீடி சுற்றுகிறார். அதையே எடுத்துக்கொண்டேன். அவர் கைகளைப் பெரிது பெரிதாகக் கரியில் வரைந்திருக்கிறேன். வெட்டிய பீடி இலைகளை நூலில் கோத்து ஒரு சேலை நீளத்துக்குத் திரையும் செய்திருக்கிறேன். ஆனால் போன ரிவ்யூவில் ‘இதை ஏன் செய்தாய்?’ என்று கேட்டதும் வாய் உலர்ந்துவிட்டது, ஒரு சொல் வரவில்லை. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அம்மாவின் கஷ்டத்தைக் காட்டி மார்க் வாங்குகிறேனோ என்று உறுத்துகிறது. லீவில் போட்டோ எடுத்தபோது, “எதுக்குட்டி இதப் போயி படம் எடுக்கே?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. கண்காட்சிக்கு வர அவருக்கு ஆசை. கூப்பிடவா, வேண்டாமா? சித்தி வேறு, ‘இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்’ என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

— பெயர் வேண்டாம், நெல்லை மாவட்டம்

அன்பு மகளே,

சித்திக்குக் கண்காட்சி முடிந்து பதில் சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதைத் தலையில் ஏற்றாதே.

பயம் வந்தால் உமிழ்நீர் குறையும், நெஞ்சு படபடக்கும். எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் உனக்கு அடைத்தது ‘ஏன்’ என்ற கேள்வியில். அதே கேள்வியை அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டார். அவரிடம் சொல்லாததை ஒரு வெளியாளிடம் சொல்ல உன் மனம் ஒப்பவில்லை என்றே நினைக்கிறேன்.

உழைப்பைக் கலையாக்குவதில் தப்பே இல்லை. மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பாய். அதைச் செய்த ராய் சௌத்ரி சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தக் கல்லூரியின் காவலாளியே அதற்கு மாடலாக நின்றார். உன் அம்மாவுக்கோ தன் கை எதற்கு வேண்டியிருக்கிறது என்பதே தெரியாது. உறுத்தல் அங்கேதான் இருக்கிறது.

அதனால் இந்த வாரமே ஊருக்குப் போய்வா. செய்ததையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டு போ. அம்மா மடியில் சொளகோடு (முறத்தோடு) உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் பேச்செடு. கை வேலையில் இருக்கும்போது முகம் பார்த்துப் பேசும் கூச்சம் இருக்காது. நம் பக்கத்துப் பெண்கள் பாதிக் கதையை அப்படித்தானே பேசுகிறோம். “அம்மா, இது உன் கை. நாலு பேர் பார்ப்பாங்க. உனக்குச் சம்மதமா?” என்று நேராகக் கேள். ஒரு படம் வேண்டாம் என்றால் எடுத்துவிடு, வாதாடாதே. அவர் வெட்கப்படுவார் என்று நீயே முடிவு கட்டவும் வேண்டாம். தன் வேலையை மகள் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாகவும் இருக்கலாம். ஈர இலையில் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிப்பது, தூளைப் பரப்பி உருட்டுவது, வாயை மடக்கி நூல் கட்டுவது என்று எந்த இடத்திலாவது விரலை நீ மாற்றி வரைந்திருந்தால் உடனே சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால், திருத்து.

தேர்வாளரிடம் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம், இலையிலிருந்து தொடங்கு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளில் பறித்த இலை எங்கள் ஊர்த் திண்ணைக்கு வருகிறது, என் அம்மா அதை இப்படி வெட்டுகிறார் என்று சொல். தெரிந்த வேலையைச் சொல்லும்போது குரல் தானாக நிலைக்கு வரும். ‘ஏன்’ என்பதும் அதிலேயே வந்துவிடும். அதற்கு முன்னால் தோழி ஒருத்தியை எதிரில் நிறுத்தி, நின்றபடி வாய்விட்டுச் சொல்லிப் பழகு. படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு. கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தும் தூக்கம் வரவில்லை என்றால் அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அம்மா சரி என்றால் கட்டாயம் கூப்பிடு. ஆனால் திறப்பு நாளில் நீ பத்துப் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய், அவர் ஓர் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் வரச் சொல். அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும், கேட்டால் மட்டும் விளக்கு.