பழைய கேம்பர் வேனில் (படுத்துத் தங்கும் வசதியுள்ள வேன்) துருவின் மேல் பட்டி பூசினால் ஏன் மறுபடி கொப்பளிக்கிறது?

பட்டி என்பது தகட்டின் பள்ளத்தை நிரவும் பூச்சு மட்டுமே. நீரைத் தடுக்காது, ஈரத்தை உறிஞ்சும். அடியில் மிச்சமிருக்கும் துரு அந்த ஈரத்தில் வளர்கிறது. தான் தின்ற இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால், விரிசலில் புகுந்த வேர் பருத்துச் சுவரின் காரையைப் பெயர்ப்பதுபோல் பெயின்டைத் தூக்குகிறது.

பெரும்பாலும் துரு உள்பக்கமிருந்தே வரும். ஜன்னல் ரப்பர் வழியே இறங்கும் நீர் கதவடியிலும் சக்கர வளைவு மடிப்பிலும் தேங்கும். முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள். பிறகு கொப்புளத்துக்கு அப்பால் 2–3 செ.மீ. சேர்த்து, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டி, 1 மி.மீ. தகட்டைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யுங்கள். ஒரே இழுப்பில் செய்தால் சூட்டில் தகடு நெளியும். கடைசியாக எபாக்சி பிரைமர் (ஈரம் புகாத அடிப்பூச்சு), அதன்மேல் மெல்லிய பட்டி, தகட்டுக்குப் பின்னுள்ள உட்குழியில் மெழுகு பூசுங்கள்.

துருவை மாற்றும் திரவம் அடித்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மேலோட்டமான துருவுக்குத்தான், அரித்து ஓட்டையான தகட்டுக்கு உதவாது.